ஆல்பத்தைப் பிரிக்காதீர்கள்: முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் நினைவு மலர்க் குழுவினருக்கும் வணக்கம்.

ஆண்டு விழா நெருங்கினால் உங்கள் சுற்றறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "போர்க்காலத்தில் பணியாற்றிய உங்கள் அப்பா, அம்மாவின் பழைய படங்களையும் சான்றிதழ்களையும் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்து, லேமினேட் போட்டு அன்றே திருப்பித் தருகிறோம்." நல்ல எண்ணத்தில் எழுதப்படும் வரிதான். ஆனால் அதற்குள் மூன்று சேதங்கள் ஒளிந்திருக்கின்றன. 'படங்கள்' என்று கேட்டதும் பிள்ளைகள் ஆல்பத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்கும் நாலைந்தை உரித்துக்கொண்டு வருகிறார்கள். 'ஸ்கேன்' என்றதும் மேசையில் இருப்பவர் முன்பக்கத்தை மட்டும் எடுக்கிறார். 'லேமினேட்' என்றதும் நடப்பதைத் திருத்த யாராலும் முடியாது.

ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் பாதுகாக்கும் வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கவலை படத்தின் முதுகைப் பற்றியும், அது எந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பற்றியும்தான். சீருடையில் நிற்கும் முகம் தெரியாத இளைஞனின் படம் உலகில் லட்சக்கணக்கில் கிடக்கிறது. அதை ஒருவருடைய அப்பாவின் படமாக ஆக்குவது பின்னால் பென்சிலில் எழுதிய இரண்டு சொல்லும், ஆல்பத்தில் அது இருந்த இடமும்தான்.

"அரசு ஆவணக் காப்பகத்தில் எல்லாம் இருக்குமே" என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய தேசியப் படைப்பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரையான பணிக் கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. கருகியும் நனைந்தும் மீண்டவை சுமார் 65 லட்சம். லண்டனில் 1940 செப்டம்பரில் விழுந்த குண்டில் முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வீரர்களுடைய பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. தப்பியவற்றுக்கு 'எரிந்த ஆவணங்கள்' என்றே இன்றும் பெயர். இப்படிப்பட்ட இடங்களில், பெட்டிக்குள் நாலாக மடித்துக் கிடக்கும் டிஸ்சார்ஜ் சான்றுதான் ஒரே சாட்சியாக இருக்கும். கோப்பு தப்பியிருந்தாலும் அதைத் தேடி எடுக்க வீட்டில் இருக்கும் தாள் வேண்டும். இந்தியத் தரைப்படையில் ரெஜிமென்ட்டுக்கு ஒன்று, 'கோர்' எனப்படும் படைப்பிரிவுக்கு ஒன்று என ஆவண அலுவலகங்கள் தனித்தனி. படை எண்ணும் ரெஜிமென்ட் பெயரும் தெரியாமல் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே தெரியாது.

படை எண் எங்கே இருக்கும்? சம்பளப் புத்தகத்தில், டிஸ்சார்ஜ் சான்றில், கடித உறையின் மூலையில், டிரங்குப் பெட்டி மூடியில் பெயின்ட்டில், கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையில். பதக்கங்களில் இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எப்போதும் இருக்காது. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்; இரண்டாம் உலகப் போரின் போர்முனைப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட பதக்கத்துக்கு உரியவர் யார் என்று சொல்வது அது தபாலில் வந்த அட்டைப் பெட்டியும் உள்ளே இருந்த சிறு சீட்டும். பதக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம் என்று பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பளபளவென்று தேய்த்துக்கொண்டு வரவேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் பொறிப்பு கொஞ்சம் போகிறது.

ஆல்பத்துக்கு வருவோம். போர்க்கால ஆல்பங்கள் பெரும்பாலும் கறுப்புத் தாளில், மூலைக்கொக்கி வைத்தோ பசையால் ஒட்டியோ, கீழே வெள்ளைப் பென்சிலில் ஏதோ எழுதியோ இருக்கும். தணிக்கை இருந்ததால் பல படங்களில் ஊர் பெயர் இருக்காது. 'ஆற்றைக் கடந்தபின்' என்று மட்டும் இருக்கும். எந்த ஆறு என்பது மூன்று பக்கம் தள்ளி இருக்கும் ரயில் நிலையப் பலகையைப் பார்த்தால்தான் பிடிபடும். அந்த மூன்று பக்கமும் பிரிந்துபோனால் ஆறும் போயிற்று. இன்னொன்று: ஆல்பத்தில் இருப்பதெல்லாம் அப்பா எடுத்தது என்று நினைக்கக்கூடாது. முகாம்களில் படக்கட்டுகளை விற்றார்கள், நண்பர்களுக்குள் பிரதி மாற்றிக்கொண்டார்கள். ஒரே கப்பல், ஒரே கோபுரம், ஒரே இடிந்த பாலம் பத்துக் குடும்பங்களின் ஆல்பத்தில் இருக்கும். நினைவு மலரில் "அன்னார் எடுத்த அரிய படம்" என்று போடுமுன், மற்ற ஆல்பங்களில் அது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். விற்பனைப் படங்களின் கீழ் மூலையில் பல சமயம் சிறு வெள்ளை எண் ஒன்று இருக்கும், காட்டிக்கொடுப்பது அதுதான்.

கறுப்புத்தாள் ஆல்பத்தை அப்படியே முழுசாக வைத்துக்கொள்ளவேண்டும். பக்கம் பக்கமாக ஒரு முறை, பிறகு படம் படமாக ஒரு முறை என்று பதிவு செய்தால் போதும். மூலைக்கொக்கியில் இருக்கும் படத்தை மெல்ல வளைத்து எடுத்து, முதுகைப் பார்த்து, அதே கொக்கியில் வைக்கலாம். பசையில் இருப்பதைத் தொடவே கூடாது.

சேதம் அதிகம் நடப்பது எழுபதுகளில் வந்த ஒட்டுப்பக்க ஆல்பங்களில். அட்டையில் வரிவரியாகப் பசை, மேலே பிளாஸ்டிக் தாள். பழைய ஆல்பம் கிழிந்துவிட்டது என்று அம்மாக்கள் பாசத்தோடு எல்லாப் படத்தையும் இதற்குள் மாற்றி வைத்தார்கள். பசை வருஷம் போகப்போக இறுகி மஞ்சளாகிப் படத்தின் முதுகோடு ஒன்றாகிவிடுகிறது. பிளாஸ்டிக் தாள் பிவிசியாக இருந்தால் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மினுமினுக்கும். இதில் இருப்பதைத்தான் எடுத்தாகவேண்டும். மேலிருக்கும் பிளாஸ்டிக்கைப் படத்துக்கு இணையாக, தட்டையாக மடக்கி இழுத்து விலக்குங்கள். நிமிர்த்தி இழுத்தால் படத்தின் மேல்தோல் கூடவே வரும். பிறகு மெழுகு தடவாத பல் இடுக்கு நூலை ஒரு மூலையில் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இறங்குங்கள். படம் வளையக்கூடாது, நூல்தான் நகரவேண்டும். பாதியில் நின்றுவிட்டால் அதோடு விடுங்கள். பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, அட்டையைப் படத்தைச் சுற்றி வெட்டிப் பாதுகாக்கலாம். ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்குங்கள் என்று இணையத்தில் சொல்கிறார்கள். சூட்டில் பசை இளகும், உண்மைதான். ஜெலட்டினும் இளகும், பசை படத்தின் தாளுக்குள் ஊறும். எங்களிடம் கேட்டால் வேண்டாம்.

ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களையும், சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் பிரிக்க முயலவேண்டாம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் தாளின்மேல் ஜெலட்டின், அதற்குள் வெள்ளித் துகள். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் ஜெலட்டின் ஊறிப் பசையாகிறது. பிறகு காய்ந்தால் கண்ணாடியோடு ஒரே உடம்பு. சட்டத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

பழைய படத்தின் கறுத்த பகுதிகளில், அதுவும் ஓரங்களில், நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு ஒன்று தெரியும். அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். அது அழுக்கல்ல. படத்தின் வெள்ளியே காற்றின் மாசாலும் ஈரத்தாலும் கரைந்து, மேலே ஏறி, மறுபடி உலோகமாகப் படிந்தது. துடைத்தால் படத்தையே துடைப்பதாகும். அதைப்போல, மஞ்சளாகி மங்கிய படங்கள் போர்க்களப் படங்களில் அதிகம் இருப்பதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில், அவசரத்தில் கழுவிய படத்தில் ஹைப்போ (படத்தை நிலைப்படுத்தும் ரசாயனம்) முழுக்க வெளியேறியிருக்காது. மிச்சமிருக்கும் கந்தகச் சேர்மங்கள் வருஷக்கணக்கில் வெள்ளியைத் தின்கின்றன. இந்தப் படங்கள் காத்திருக்காது. முதலில் இவற்றைப் பதிவு செய்யுங்கள்.

இனி தாள்கள். சம்பளப் புத்தகம், விடுப்புச் சீட்டு, மாற்றல் ஆணை, தந்தி, தணிக்கை முத்திரை குத்திய கடிதம். இவற்றில் பல காப்பியிங் பென்சிலில் எழுதியவை. பேனா மை சிந்தும், சாதாரணப் பென்சில் அழிக்கப்படும் என்பதால் பல படைகளில் இந்தப் பென்சில் புழங்கியது. கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்தது. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில்போலச் சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் கோட்டின் ஓரத்தில், வியர்வை பட்ட இடத்தில், ஒரு ஊதாப் புள்ளி தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், வரி முழுக்க ஊதாவாகக் கசிந்து அடுத்த பக்கத்துக்கும் பாயும். மடிப்பு விறைத்த தாளை நீராவி காட்டி நிமிர்த்துவது, ஈரத்துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போடுவது எல்லாம் இந்தத் தாளைக் கொல்லும் வழிகள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்புவதும்தான்.

மடிப்பில் பிளந்துகொண்டிருக்கும் சான்றிதழைப் பார்த்ததும் கை தானாகச் செல்லோடேப்பைத் தேடும். டேப்பின் பசை சில ஆண்டுகளில் எண்ணெய்போலத் தாளுக்குள் இறங்கி, பிறகு பழுப்புக் கறையாக உறைந்துவிடும். பிளாஸ்டிக் உரிந்து விழுந்தபின்னும் கறை போகாது. துண்டுகளை ஒட்டாமல், அமிலமில்லாத ஒரு தாள்மேல் பொருத்தி வைத்து, பாலியெஸ்டர் உறைக்குள் நுழைத்தாலே போதும். உறையின் நிலைமின்சாரம் அவற்றை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே நிலைமின்சாரம் பென்சில் துகளையும் உதிரும் படத்தின் துகளையும் இழுக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு உறை தாளாகத்தான் இருக்கவேண்டும்.

துருப்பிடித்த கிளிப்பை இழுக்கக்கூடாது. தாளை மேசையில் தட்டையாக வைத்து, துருவுக்கும் தாளுக்கும் நடுவே மேலும் கீழும் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகுங்கள். கிளிப்பின் நீண்ட பக்கத்தை விரலால் அமுக்கிக்கொண்டு குட்டைப் பக்கத்தை நெம்பித் திறந்தால் தாள் தானாக விடுபடும். ரப்பர் பேண்டு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதில் உள்ள கந்தகம் பக்கத்துப் படத்தைக் கறுக்கவைக்கும்.

கடிதக் கட்டுக்குள் உள்ளங்கை அளவில், பளபளப்பாக, எழுத்து பொடிப்பொடியாக இருக்கும் தாள் ஏதாவது கிடந்தால் அதை ஜெராக்ஸ் என்று தள்ளவேண்டாம். 1941இல் பிரிட்டிஷார் தொடங்கிய ஏர்கிராஃப், மறு ஆண்டு அமெரிக்கர்கள் தொடங்கிய வி-மெயில் இரண்டிலும் கடிதத்தை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து, சுருளை விமானத்தில் அனுப்பி, சேருமிடத்தில் சிறிதாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். கையில் இருப்பது ஒளிப்படத் தாள். அதைப் படமாகவே பாதுகாக்கவேண்டும்.

லேமினேஷன். சூட்டில் உருகும் பசையும் பிளாஸ்டிக்கும் தாளின் இழைக்குள் இறங்கிவிடும், எடுக்க முடியாது. இயந்திரத்தின் சூட்டில் ஒளிப்படத்தின் ஜெலட்டின் கொப்புளிக்கும். ஓரத்தில் ஒரு பிரிவு விழுந்தால் அதன்வழி ஈரம் நுழைந்து உள்ளே பூஞ்சை வளரும், துடைக்கவும் வழியில்லை. முத்திரையைத் தடவிப் பார்த்து அசலா என்று சோதிக்கும் அலுவலகத்தில், லேமினேட் செய்த சான்று செல்லாது என்று திருப்பியதும் உண்டு. எவ்வளவு அழுத்திச் சொல்லவேண்டுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்: விழாவுக்கு லேமினேஷன் இயந்திரத்தைக் கொண்டுவராதீர்கள். சுவரில் மாட்டவேண்டும் என்கிறவர்களுக்கு நல்ல அச்சுப் பிரதி போட்டு, அந்தப் பிரதியை லேமினேட் செய்துகொடுங்கள்.

நெகட்டிவ் டப்பாவை யாராவது கொண்டுவந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கவேண்டியிருக்கும், தூரமாக வைத்துத்தான். காடி வாடை வந்தால் அசெட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. வெளியாகும் அமிலமே சிதைவை வேகப்படுத்தும், பக்கத்துச் சுருளுக்கும் பரவும். அதைத் தனியே, காற்றுப் புகும் தாள் உறையில் வைத்து, முதல் ஆளாக ஸ்கேன் செய்யுங்கள். காரமான அமில நெடி, பழுப்பு நிறம், பிசுபிசுப்பு என்றால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். கோடாக் நிறுவனம் நைட்ரேட் ரோல் பிலிமை 1950 வாக்கில்தான் நிறுத்தியது, ஆகவே இரண்டாம் உலகப் போர்க்கால வீடுகளில் இது இருக்கக்கூடியதுதான். ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் நைட்ரேட் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். நைட்ரேட் தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளிவிடும், தண்ணீருக்குள்ளும் எரியும். இறுக்கமாக மூடிய டப்பா, வெயில், சூடான விளக்கு மூன்றும் ஆகாது. கூட்டம் கூடும் மண்டபத்துக்குள் அதை வரவிடாமல், ஆவணக் காப்பகத்தையோ தீயணைப்புத் துறையையோ கேட்டுச் செய்யுங்கள்.

ஸ்கேன் மேசைக்கு வருகிறோம். உங்கள் ஆட்கள் வழக்கமாக அங்குலத்துக்கு 200 அல்லது 300 புள்ளியில் எடுத்து, கறுப்பு வெள்ளை என்று தேர்வு செய்து, ஜேபெக் கோப்பாகச் சேமிக்கிறார்கள். சின்னக் கணக்கு ஒன்று. 6க்கு 9 செ.மீ. படம், 40 பேர் நிற்கும் பட்டாலியன் குழு, ஒரு முகம் 3 மி.மீ. தான். 300 புள்ளியில் அந்த முகத்துக்கு உயரத்தில் கிடைப்பது 35 புள்ளி. யார் என்று சொல்ல முடியாது. 600இல் 70, 1200இல் 140. ஆகவே உள்ளங்கை அளவுப் படங்களுக்கு 1200, அஞ்சலட்டை அளவு முதல் 600, தாள் ஆவணங்களுக்கு 400, 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தில்தான் எடுக்கவேண்டும். மஞ்சள் கறையும் ஊதா முத்திரையும் நீல மையும் சாம்பல் பதிவில் ஒன்றாகிவிடும். சுருக்கத்தில் விவரம் போகாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். தானியங்கித் தூசி நீக்கம், கூர்மையாக்கம், நிறத்திருத்தம் மூன்றையும் அணையுங்கள். நெகட்டிவ் ஸ்கேனரில் தூசி நீக்கம் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவின் வெள்ளியும் அந்த ஒளியை மறைப்பதால், இயந்திரம் ஆளின் மூக்கையே தூசி என்று நினைத்து அழித்துவிடும்.

முதுகையும் எடுக்கவேண்டும், வெறுமையாகத் தெரிந்தாலும். 400 புள்ளி போதும். தாள் உற்பத்தியாளரின் அச்சு, ஸ்டுடியோ முத்திரை, தணிக்கை எண், ஆல்பத்திலிருந்து உரிந்த கறுப்புத் தாளின் ஒட்டு, இவையெல்லாம் சாட்சி. மங்கிய பென்சில் எழுத்து பல சமயம் ஸ்கேனரில் வராது. படத்தை மேசையில் கவிழ்த்து, ஒரு கைவிளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் பிடித்து, மேலிருந்து கைப்பேசியில் எடுங்கள். கார்பன் உதிர்ந்துபோயிருந்தாலும் பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். படை எண் ஒன்று இப்படித்தான் எழுந்து வரும்.

1200 புள்ளியில் ஒரு 6×9 படம் சுமார் 36 எம்பி, அதன் முதுகு 4 எம்பி. ஓர் ஆல்பத்தின் 300 படமும் சேர்ந்து சுமார் 12 ஜிபிதான். ஒரு சின்ன பென்டிரைவ் கொள்ளளவு. இதற்காகத் தரத்தைக் குறைக்கவேண்டிய காலம் போய்விட்டது. கோப்புப் பெயரில் ஆல்பம், பக்கம், படம், முன்புறமா பின்புறமா என்பதை எண்ணாகவே வையுங்கள்: 01-07-03-1 என்றால் முதல் ஆல்பம், ஏழாம் பக்கம், மூன்றாம் படம், முன்புறம். பெயர் விவரங்களைத் தனி அட்டவணையில் எழுதலாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வாட்ஸாப்பில் அனுப்பியது பிரதி அல்ல, சுருக்கப்பட்ட நிழல்.

கருவியால் வண்ணம் பூசுவதும் முகத்தைத் தெளிவாக்குவதும் இப்போது விழா மேடையில் கைதட்டல் வாங்குகிறது. தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் அதைக் கோப்பில் மூலத்தின் இடத்தில் வைக்காதீர்கள். அந்தக் காலத்து ஆர்த்தோ பிலிம் சிவப்பை உணராது: சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறும். நெஞ்சில் இருக்கும் பதக்க நாடாவின் கோடுகளுக்குக் கருவி தன் இஷ்டத்துக்கு நிறம் பூசினால், அணிந்தவர் போகாத போர்முனைக்குப் போனவராகிவிடுவார். நாடா தேதி சொல்லும் சாட்சியும்கூட. பர்மா போர்முனைக்கான பர்மா ஸ்டார் பதக்கம் 1945 மே மாதம்தான் நிறுவப்பட்டது. அந்த நாடா தெரியும் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. நாடாக்கள் வலது நெஞ்சில் தெரிந்தால், நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்டார்களா என்று முதலில் பாருங்கள். சட்டைப் பொத்தானும் எதிர்ப்பக்கமாக இருந்தால் அதேதான்.

பெயர் குறிக்கும் வேலையை, முதியவர்கள் இருக்கும்போதே செய்யவேண்டும். படத்தின் மேல் அம்புக்குறி போடவேண்டாம். பெரிதாக அச்சிட்ட பிரதியில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, எதிரே பெயர், உறவு, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று எழுதுங்கள். "இது சுப்பையா மாமாதான்" என்று அம்மாவும் "இல்லை, அவர் தம்பி" என்று அத்தையும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சண்டையைத் தீர்க்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. மூலப்படத்தின் முதுகில் எழுதியே ஆகவேண்டும் என்றால், கெட்டியான மேசையில் கவிழ்த்து வைத்து, ஓரத்தில், 2பி பென்சிலால் அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் புடைத்துக்கொண்டு தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். எழுபதுகளுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையின்மேல் எழுதி, பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது என்ன உறையில் கொடுப்பது என்பதும் உங்கள் கையில்தான். உறை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஒளிப்படச் சோதனையில் தேறியது என்று, ஐஎஸ்ஓ 18916 எண்ணோடு, குறிப்பிட்டு விற்கும் தாள் உறை நல்லது. பிளாஸ்டிக் என்றால் பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன். புது பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாடை அடித்தால் பிவிசி, வேண்டாம். வீட்டில் வைக்கும் இடம் பரணும் அல்ல, சமையலறையும் அல்ல, வெயில் படும் சுவரை ஒட்டிய அலமாரியும் அல்ல. உள்ளறை, தரையிலிருந்து ஒரு சாணாவது உயரம், ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம், முடிந்தவரை குளிர்ச்சி. பாச்சை உருண்டை போடக்கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் பிலிமையும் பாதிக்கும். வெள்ளிப்பூச்சி வருவது ஜெலட்டினுக்கும் மாவுப் பசைக்கும். சுத்தமும் உலர்வும் இருந்தால் போதும்.

வெள்ளத்தில் நனைந்த கட்டு வந்தால் 48 மணி நேரத்துக்குள் கை வைத்தாகவேண்டும், இல்லையென்றால் பூஞ்சை. ஒட்டியபடியே காயவிட்டால் கதை முடிந்தது. படங்களைச் சுத்தமான குளிர்நீரில் மூழ்கவைத்து மெல்லப் பிரித்து, முகம் மேலாகக் காகிதத்தின்மேல் காயப்போடுங்கள், வெயில் வேண்டாம். காப்பியிங் பென்சில், மை எழுத்துள்ளவற்றைத் தண்ணீரில் விடவே கூடாது. ஒரே நாளில் முடிக்க முடியாத அளவு இருந்தால், இடையிடையே மெழுகுத்தாள் வைத்து ஃப்ரீசரில் போட்டு நேரம் வாங்கலாம். கண்ணாடி நெகட்டிவ் மட்டும் ஃப்ரீசரில் போகக்கூடாது.

கடைசியாக, மலரில் எதை அச்சிடுவது. டிஸ்சார்ஜ் சான்றை முழுதாகப் போடாதீர்கள். அமெரிக்கத் தரைப்படையிலும் விமானப்படையிலும் 1969 ஜூலை 1 முதல் படை எண்ணுக்குப் பதில் சமூகப் பாதுகாப்பு எண்ணே வந்தது; வியட்நாம் காலச் சான்று ஒன்றை இணையத்தில் போட்டால் அடையாளத் திருடனுக்குச் சாவி கொடுத்ததாகும். மருத்துவக் குழுவின் முடிவு, காயத்தின் விவரம், மனநிலைக் குறிப்பு இவையெல்லாம் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வெளியே போகக்கூடாது. மறைப்பது பிரதியில் மட்டும். மூலத்தில் மை பூசுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். பிணங்களும் கைதிகளும் இருக்கும் படங்களைப் பிள்ளைகள் கிழித்துப்போட நினைப்பார்கள். தனி உறையில் போட்டு மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி, ஆல்பத்தில் அது இருந்த பக்க எண்ணையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறை முடிவு செய்யட்டும்.

அடுத்த சுற்றறிக்கைக்கு இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எங்கள் அனுமதி தேவையில்லை:

"ஆல்பத்தைப் பிரிக்காமல், பெட்டியோடு, உறையோடு, சீட்டோடு அப்படியே கொண்டுவாருங்கள். எதையும் துடைக்கவோ ஒட்டவோ நிமிர்த்தவோ வேண்டாம். நெகட்டிவ் இருந்தால் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரையும் அழைத்துவாருங்கள். லேமினேஷன் கிடையாது."

இப்படிக்கு,
ஆவணப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் சிலர்